பெற்றோரும் ஆசிரியரும்: திண்ணைப் பள்ளி முதல் பள்ளி மேலாண்மைக் குழு வரை

திருவண்ணாமலை நகரின் வடபால் வேலூர்ச் சாலையில் அமைந்தது வேங்கிக்கால். இவ்வூர்ப் பெயரின் ஆராய்ச்சி ஈண்டு நமக்குப் பொருளன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இடம் என்பதே நாம் இங்குக் கொள்ளும் செய்தி. 1989ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வடஆர்க்காடு மாவட்டத்தினின்றும் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. திங்கட்கிழமைதோறும் மக்கள் தம் குறைகளை எழுதிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திற்கு வருகின்றனர். பட்டா வேண்டுவோரும் முதியோர் உதவித்தொகை வேண்டுவோரும் நிற்கும் வரிசையில், தம் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமென்று கேட்கும் பெற்றோரும் நிற்பதுண்டு. தம் குழந்தையின் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தந்தையோ தாயோ தம் ஊர்ப் பள்ளியின் படியேறாமல் ஆட்சியரிடம் வர நேர்வது ஏன்? பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இடையே பேச்சு எவ்வழி நடந்தது, எங்கு அறுந்தது, எவ்வாறு மீண்டும் கட்டப்படுகின்றது என்பதனை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் நூல்களில் இவ்விருவரும் நேருக்கு நேர் நின்று பேசும் இடம் அரிது. பொன்முடியார் பாடிய புறப்பாட்டு (312) மகனைப் பெற்று வளர்த்தலைத் தாய்க்கும், அவனைச் சான்றோனாக்குதலைத் தந்தைக்கும், வேலை வடித்துக் கொடுத்தலைக் கொல்லனுக்கும், நன்னடை நல்குதலை வேந்தனுக்கும் கடனாக்குகின்றது. அப்பட்டியலில் ஆசிரியர்க்கு இடமில்லை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாட்டு (183) ஆசிரியர்க்கு உற்றுழி உதவுதலையும் மிகுந்த பொருள் கொடுத்தலையும் கூறி, ஒரு வயிற்றுப் பிறந்தோருள்ளும் கற்றவன்பால் தாயின் மனம் சாயும் என்கின்றது. ஆசிரியரும் தாயும் ஒரே பாட்டில் வருகின்றனர். எனினும் ஒருவரையொருவர் அறியார் போலவே நிற்கின்றனர்.

நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கங்கர் தலைவனாகிய சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய அந்நூல், ஆசிரியன் இலக்கணமும் மாணாக்கன் இலக்கணமும் விரிவாகக் கூறும். கற்பித்தற்குரியோர் அறுவரை அது எண்ணும்போது தன் மகன், தன் ஆசிரியன் மகன், அரசன் மகன் என முதல் மூவரையும் தந்தை வழியாலேயே குறிக்கின்றது. நான்காமவன் பொருள் மிகக் கொடுப்பவன்; சிறுவனாயின் அப்பொருளும் தந்தையுடையதே. ஆக, தந்தை குடிப்பெயராகவும் கைப்பொருளாகவும் பாயிரத்துள் நுழைந்துவிட்டான். அவன் வாய் திறக்கும் இடந்தான் இல்லை. பாயிரம் கற்றோர்க்குரிய கல்வியைப் பேசுவது. எண்ணும் எழுத்தும் கற்பித்த ஊர்ப் பள்ளிகளின் நடைமுறை இதனின் வேறாக இருந்தது.

அந்நடைமுறையை நாம் தெளிவாக அறியத் தொடங்குவது 19ஆம் நூற்றாண்டிலேயாம். சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் எல்லா மாவட்ட ஆட்சியர்க்கும் ஓர் ஆணை விடுத்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகள் எத்தனை, அவற்றில் எவ்வெச் சாதியினர் எத்தனை ஆண்களும் பெண்களும் பயில்கின்றனர் என்று கணக்குக் கேட்டார். திருவண்ணாமலை அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. வந்த கணக்குகளைத் தொகுத்து 1826ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை காணப்படுகின்றது. மாணவன் ஒருவனுக்குத் திங்கட் கூலி பெரும்பாலும் 4 அணா முதல் 6 அல்லது 8 அணா வரை. ஆசிரியரின் திங்கள் வருவாய் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேற்படுவது அரிது. வட்டந்தோறும் அரசுப் பள்ளி ஒன்று நிறுவி அதன் ஆசிரியர்க்கு 9 ரூபாய் தரலாம் என்று மன்றோ பரிந்துரைத்தார். மாணவர் தரும் கூலியையும் கூட்டினால் அவர் நிலை தம் நாடாகிய இசுக்காத்துலாந்தின் ஊர்ப்பள்ளி ஆசிரியர் நிலையினும் மேம்பட்டதாகும் என்று எழுதவும் செய்தார். இவ்வொப்புமை சென்னை ஆசிரியரின் செழிப்பைக் காட்டுகின்றதா, இசுக்காத்துலாந்து ஆசிரியரின் வறுமையைக் காட்டுகின்றதா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

இவ்வெண்களில் நம் பொருட்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. ஆசிரியரின் அடுப்பு எரிந்தது பெற்றோர் தந்த காசாலும் நெல்லாலும். ஊரில் யாருடைய திண்ணையிலோ பள்ளி நடந்தது. பிள்ளை ஒருவன் நின்றுவிட்டால் ஆசிரியர் வருவாயில் ஒரு பங்கு குறையும். ஆதலின் வராத பிள்ளையைத் தேடிச் சட்டாம்பிள்ளையும் வேறு சில பெரிய பையன்களும் அவன் வீட்டிற்கே செல்வர். அவன் பரண்மீது ஒளிந்திருப்பினும் இறக்கிக் கொணர்வர். வருகைப் பதிவேடு என்று நாம் இன்று கூறுவது அன்று கால்நடையாகத் தெருவில் சென்றது என்க. வீட்டில் என்ன நோய், என்ன விருந்து, என்ன வறுமை என்பதெல்லாம் அச்சிறுவர் வாயிலாக மாலைக்குள் ஆசிரியர் காதை எட்டிவிடும்.

பேச்சின் வேறு வாயில்கள் சடங்குகளாக அமைந்தன. பிள்ளையைப் பள்ளியில் வைக்கும் நாளில் ஆசிரியர் வீட்டிற்கு வந்து அரிசியில் எழுத்தறிவிப்பார். அவர்க்குத் துணியும் காசும் வழங்கப்பெறும். மற்றைப் பிள்ளைகட்குப் பொரியும் கடலையும் உண்டு. நவராத்திரி நாட்களில் ஆசிரியர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு வீடுதோறும் சென்று, வாயிலில் கோலாட்டம் ஆடுவித்துப் பாட்டுப் பாடுவிப்பார். அவ்வூர்வலத்தைக் கேளிக்கை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஆண்டு முழுவதும் கற்றவற்றைப் பிள்ளை தன் வீட்டு வாயிலிலேயே தாயும் பாட்டியும் கேட்க ஒப்பிக்கின்றான். அவர்கள் உள்ளம் மகிழ்ந்து ஆசிரியர்க்கு வேட்டியோ காசோ அளிக்கின்றனர். எழுத்தறியாத தாய் தன் மகனின் கல்வியைத் தானே காதால் அளந்தறிந்த நாள் அது. பிற்காலத்துத் தேர்ச்சி அறிக்கை அவளுக்கு இவ்வாய்ப்பைக் கொடுக்கவில்லை. திண்ணைப் பள்ளி வாழ்க்கையை அறிய விரும்புவோர் 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலின் இளமைப் பகுதிகளைப் பயிலுதல் வேண்டும். மேனாட்டார் நோக்கை அறிய, 1873இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் கோவர் என்பார் சென்னைத் திண்ணைப் பள்ளிகள் குறித்து எழுதிய கட்டுரை உதவும்.

இனி, பெற்றோர் ஆசிரியரிடம் வாய்ச்சொல்லாகக் கூறியது யாது? தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டுவரும் சொல் ஒன்று உண்டு: கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் உரித்துவிடுங்கள் என்பது. இதனை வெறுங் கொடுமையென்று ஒதுக்குவோரும், பழைய நம்பிக்கையென்று போற்றுவோரும் உளர். ஆயின் இஃது ஓர் ஒப்படைப்புச் சொல். ‘இவன் இனி உம் பொறுப்பு, யான் மீண்டும் வந்து வினவேன்’ என்பதே இதன் உட்பொருள். கண்ணைக் காக்குமாறு மட்டும் ஒரு வரம்பு விதித்து, எஞ்சிய அதிகாரம் அனைத்தையும் தந்தை கைமாற்றிவிடுகின்றான். கோதண்டத்தில் தொங்கிய சிறுவன் வீட்டிற்கு வந்து முறையிட்டால், அங்கும் அவனுக்கு அடி கிடைத்தற்குக் காரணம் இவ்வொப்படைப்பே. காசு, நெல், செய்தி ஆகிய மூன்றும் திண்ணைக்கும் வீட்டிற்கும் இடையே தடையின்றிச் சென்று வந்தன. கற்பிக்கும் முறை குறித்த வினா ஒன்றுதான் செல்லவில்லை.

இவ்வுறவைப் பொற்காலமாகக் கருதுவோர் மன்றோவின் கணக்கில் சாதிப் பத்திகளையும் நோக்குதல் நன்று. தரம்பால் 1983இல் அக்கணக்குகளை வெளியிட்டு, தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவரே மிகுதி என்று எடுத்துக்காட்டினார். அது பெறுமதி வாய்ந்த உண்மை. அதே கணக்கு பெண்களின் எண் மிகச் சிறிதாயிருந்தமையையும் காட்டுகின்றது. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குடியினர் வேறொருவர் திண்ணையில் ஏறுதல் எங்ஙனம்? ஆசிரியரோடு பேசும் உரிமை கூலி கொடுக்கவல்லார்க்கும் திண்ணை ஏறத்தக்கார்க்குமே இருந்தது. நெருக்கம் மிக்க அவ்வுறவு மிகக் குறுகியதாகவும் இருந்தது என்று கூறுவதே நேர்மை.

1854ஆம் ஆண்டு உட்டு அறிக்கைக்குப் பின்னர்க் கல்வித் துறையும், உதவித்தொகை முறையும் வந்தன. 1860களில், மாணவர் தேர்வில் பெறும் பயனுக்கேற்பப் பள்ளிக்குப் பணம் அளிக்கும் முறை சென்னை மாகாணத்தில் நடப்புக்கு வந்தது. திண்ணை ஆசிரியர் பலர் இவ்வுதவியை நாடினர். இதன் விளைவை விரித்துக் கூற வேண்டுவதில்லை. ஆசிரியரின் முகம் தெருவினின்றும் ஆய்வாளர் வரும் சாலையின் பக்கம் திரும்பியது. பதிவேடு பிறந்தது, அதனைப் படித்தற்குரியவர் பெற்றோரல்லர். 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழிசெய்தபோது பெற்றோர் மீண்டும் ஏட்டில் இடம் பெற்றனர், பிள்ளையை அனுப்பாவிடின் தண்டத்திற்கு உரியவராக.

இவ்விடத்து நாம் ஆசிரியர் பக்கத்தையும் கூறுதல் கடன். பெற்றோர் தயவில் வாழ்ந்தவர் மிராசுதார் மகனையும் குடியானவன் மகனையும் ஒருங்கு நோக்குதல் எளிதன்று. அரசு ஊதியம் அவரை அத்தயவினின்றும் விடுவித்தது. யார் வீட்டுக் குழந்தையும் வகுப்பறையில் அமரலாம் என்னும் நிலை அதனாலேயே கைகூடிற்று. கூலி என்னும் நூல் அறுந்தது நன்றே. அதனோடு கூட அறுந்த பேச்சுக்கு மாற்று ஒன்றும் அமைக்கப்படாமையே குறை.

1951இல் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. அந்நாளில் பள்ளி சேர்ந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் தம் குடியில் முதன்முதல் எழுத்தறிந்தவர். தேர்ச்சி அறிக்கை வீட்டிற்கு வரும். தந்தை கைந்நாட்டு இடுவார். அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுபவன் மகனே. தூது செல்பவனே தூதின் பொருளுமாய் நின்றால் செய்தி எவ்வாறு போய்ச் சேர்ந்திருக்கும் என்பதைக் கற்பவர் ஊகித்துக்கொள்ளலாம். கணக்கில் பெற்ற 17ஐ 71 என்று படித்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

வீட்டையும் பள்ளியையும் இணைப்பதாகக் கூறிக்கொண்டு வந்த திட்டம் ஒன்று 1953இல் பெரும் பூசலை விளைத்தது. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றார். தந்தையை ஆசிரியராக உயர்த்தும் திட்டம் போல இது தோன்றக்கூடும். ஆயின் தந்தையின் விருப்பம் என்ன என்று அவரை யாரும் வினவவில்லை. தன் தொழிலினின்றும் மகன் விடுபடவேண்டும் என்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பிய உழவரும் வண்ணாரும் குயவரும் உடைய நாட்டில், அத்திட்டம் குலக்கல்வி என்னும் பெயரைப் பெற்றதில் வியப்பில்லை. 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராசரின் அரசு அடுத்த திங்களிலேயே அதனைக் கைவிட்டது. பெற்றோர் பள்ளியினின்றும் எதிர்பார்ப்பது யாது என்பதை அரசு தெருக்கூட்டங்களின் வாயிலாகக் கேட்டறிய நேர்ந்தது.

இதன் பின்னர் வந்த பத்தாண்டுகளே நம் பொருளில் வளம் மிக்கவை. 1956இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம் முதலில் ஊராரின் கொடையையே சார்ந்திருந்தது. பின்னர் ஒரு குழந்தையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊராரும் ஏற்பது என்று வகுத்தனர். அந்த 4 காசுக்காக ஆசிரியர் மீண்டும் தெருவில் இறங்கினார். களத்துமேட்டில் நெல்லும், கடையில் பருப்பும், தோட்டத்தில் காயும் கேட்டுப் பெற்றார். கேட்டவிடத்து, ‘உம் பிள்ளை எவ்வாறு படிக்கின்றான்’ என்னும் பேச்சும் எழாமலிருத்தல் இயலாது.

1954இல் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற நெ.து. சுந்தரவடிவேலு இதனை ஓர் இயக்கமாக வளர்த்தார். 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அதனைப் பின்பற்றி மாநிலமெங்கும் மாநாடுகள் நடந்தன. மாநாட்டிற்கு முன்னரே ஆசிரியரும் ஊராரும் கூடி அமர்ந்து பள்ளியின் குறைகளைப் பட்டியலிடுவர்: கூரை ஒழுகுகின்றது, கரும்பலகை இல்லை, மணி இல்லை, கிணறு வேண்டும், விளையாட நிலம் வேண்டும் என்பன. பின்னர் யார் எதனைத் தருவது என்று எழுதிக்கொள்வர். ஒருவர் கடிகாரம் தருவார். ஒருவர் நிலம் தருவார். பொருளில்லார் உழைப்புத் தருவார். சீருடையும் இவ்வாறு வந்தது. சுந்தரவடிவேலு தம் தன்வரலாறாகிய ‘நினைவு அலைக’ளில் இவற்றை விரிவாக எழுதியுள்ளார். அரசுத் துறை ஒன்று மக்களிடம் சென்று குறைகளைத் தானே எடுத்துக்கூறி உதவி கேட்ட இந்நிகழ்ச்சி அந்நாளில் புதுமை. குறைகளின் பட்டியலை ஆசிரியர் தனியே எழுதவில்லை என்பதே இம்மாநாடுகளின் சிறப்பு என்று நாம் கருதுகின்றோம். எனினும் பட்டியலில் இடம்பெற்றவை சுவரும் கூரையும் பொருள்களுமே. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்னும் குறை அதில் ஏறிற்றா என்பது ஐயத்திற்குரியது.

1964இல் தமிழ்நாட்டில் மாநில அளவில் பெற்றோர் ஆசிரியர் கழகம் தோன்றியது. இப்பெயர் அமெரிக்காவினின்றும் வந்தது. 1897இல் வாசிங்டனில் கூடிய அன்னையர் பேரவையே அங்கு இவ்வகைக் கழகங்கட்கு முன்னோடி. நம் கழகம் பொதுத்தேர்வு எழுதுவோர்க்கு மாதிரி வினாக்களை நூலாக்கிக் குறைந்த விலையில் விற்றதனால் வீடுதோறும் அறியப்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து அமைத்த கழகத்தை மாணவர் வினாத்தொகுதியின் பெயராக அறிந்திருப்பது சற்று நகைப்புக்கு உரியதே. பள்ளியளவில் அக்கழகம் ஆண்டு விழாவுக்கும் கட்டடத்திற்கும் பொருள் திரட்டிற்று. அண்மை ஆண்டுகளில் காலியான பணியிடங்களில் தொகுப்பூதியத்திற்குத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் பொறுப்பும் கழகத்தின் வாயிலாக நடைபெற்றது. திண்ணை ஆசிரியரின் நிலையின்மை வேறு உருவில் திரும்பி வந்ததோ என்னும் எண்ணம் நமக்கு எழாமலில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்திற்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. நடுவண் அரசு 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதற் கட்டத்தில், தமிழ்நாட்டில் தேர்ந்துகொண்ட மாவட்டங்களுள் தருமபுரி, தென்னார்க்காடு என்பனவற்றோடு திருவண்ணாமலையும் ஒன்று. அப்போது அதன் பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். பெண்கள் எழுத்தறிவில் பின்தங்கிய மாவட்டம் என்பதே தேர்வுக்குக் காரணம். அஃது ஒரு பெருமையன்று. ஆயின் கிராமக் கல்விக் குழுவும் அன்னையரைப் பள்ளிக்கு அழைக்கும் வழக்கமும் இங்கு முன்னரே வேரூன்ற அது காரணமாயிற்று. நவராத்திரியில் வாயிற்படியில் நின்று கேட்ட தாய், இப்போது பள்ளி வாயிலுக்குள் அழைக்கப்பட்டாள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. அதன் மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தை நோகச் செய்தலையும் விலக்குகின்றது. கண்ணை விட்டு உரிக்குமாறு கூறும் ஒப்படைப்புச் சொல் இதனால் சட்டப்படி செல்லாதாயிற்று. 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டுமென்றும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டுமென்றும் விதிக்கின்றது. 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகக் கூட்டி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்க்கு எடுத்துரைத்தலை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக்குகின்றது. நன்னூற் பாயிரம் ஆசிரியர்க்கு வகுத்த இலக்கணத்தில் காணப்படாத கடமை இது.

தமிழ்நாட்டரசு 2022 மார்ச் 20ஆம் நாள் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோரைக் கூட்டி, அவ்வாண்டிலேயே குழுக்களைப் புதிதாக அமைத்தது. குழுவில் 20 பேர். தலைமைப் பொறுப்பு ஒரு தாய்க்கு உரியதாக்கப்பட்டது. 2024இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து எண் 24 ஆயிற்று. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் என்பதை நோக்க, மகன் படித்துக் காட்டிய அறிக்கையைத் தாமே படிக்கவல்ல பெற்றோர் பெருகியுள்ளமை தெளிவு.

சமவெளியில் இயல்வது சவ்வாது மலையில் எளிதன்று. அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் குழந்தைகள் தங்கிப் பயில்கின்றனர். பெற்றோர் ஆண்டில் பல திங்கள் மலையினின்றும் இறங்கித் தொலைவில் கூலி வேலைக்குச் செல்வர். மாலையில் வீடு திரும்பாத பிள்ளை, கூட்ட நாளில் ஊரில் இல்லாத தந்தை, அவ்விருவர்க்கும் இடையே தங்குமிடம் பெறாத ஆசிரியர் என்னும் நிலையில், சட்டம் வகுத்த கூட்டம் யாரைக் கொண்டு நிறையும்? அத்தகைய ஊரார் வேங்கிக்காலுக்கு எழுத்து மனுவோடு வருவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும். பேசுதற்குப் பக்கத்தில் ஆளில்லாதபோது, பேச்சு மனுவாக மாறுகின்றது.

இவ்வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சான்று பற்றிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளி ஓலையும் மணலுமாய்க் கழிந்தது. அதன் பெற்றோர் கூறியவை நினைவுக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆய்வாளர் காலம் அறிக்கைகளை விட்டுச் சென்றது. அவற்றில் பெற்றோர் குரல் இல்லை. இப்போதுதான் முதன்முறையாக ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு எழுதப்படுகின்றது. தீர்மானங்களைத் தலைமையாசிரியரே எழுதி உறுப்பினர் கையொப்பம் இடும் பள்ளிகளும் உண்டு. தாய்மார் கூறிய சொல் அவ்வாறே ஏறிய ஏடுகளும் இருக்கக்கூடும். திருவண்ணாமலை வட்டத்துப் பதிவேடுகளில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்பவை எத்தனை முறை வருகின்றன, ஒரு குழந்தையின் படிப்பு எத்தனை முறை வருகின்றது, ‘ஒருமனதாக’ என்னும் சொல் இல்லாத தீர்மானம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் முதுகலை மாணவர் ஒருவர்க்கு ஓராண்டு உழைப்பாகும். பழைய ஏடுகள் எடைக்குப் போவதற்கு முன் அவ்வுழைப்பு தொடங்குதல் நலம்.